தெக்லாவின் வட்ட முகம்

கம்பாலா
4 பிப்ரவரி 1996

தெக்லா,

நேற்று உன் அண்ணன் காயிவா வந்திருந்தான். தீவில் உன்னைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்தானாம். எனக்கென்று மீன் கொண்டுவந்து, வழக்கம்போலப் பாதியை அவனே சாப்பிட்டுவிட்டுப் போனான். நீயும் நானும் பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது என்பதே தெரியாதவன் போல உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இப்ப அவளைப் பாத்தா நீ நம்பமாட்டே. போன வருஷம் குச்சியா இருந்தவதான் இவளான்னு இருக்கு. மூஞ்சி உருண்டையா, பளபளன்னு. புருஷன்காரன் திரும்ப வீட்டோட கிடக்கான்."

"கை கால்?" என்று கேட்டேன்.

"அது என்ன கேள்வி? கை கால் ஒல்லியாத்தான் இருக்கு. முகமும் வயிறும்தான் போட்டிருக்கு. தங்கச்சி நல்லா இருக்கான்னா சந்தோஷப்படுவியா, கை கால் அளவு கேப்பியா?"

நான் சந்தோஷப்படவில்லை. முகமும் வயிறும் மட்டும் பருத்து, கைகால் மெலிந்தே இருக்கிற பெண்கள் என் வெளிநோயாளர் பிரிவுக்கு வாராவாரம் வருகிறார்கள். துருவித் துருவிக் கேட்டால் கடைசியில் கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டுவார்கள். உள்ளே சின்னச் சின்ன மாத்திரைகள். பெயர் இருக்காது. உனக்கு விரல் மடக்க முடியாமல் இருந்ததாகவும், மருந்துக்கடையில் ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டுச் சரியாகிவிட்டதாகவும் காயிவா சொன்னான். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மாத்திரையை எப்போதிலிருந்து போடுகிறாய், நாளைக்கு எத்தனை? முதலில் வீங்கியது எந்த மூட்டு? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? காலையில் எழுந்தால் விரல்கள் இறுகியிருக்குமா? இறுக்கம் விட எவ்வளவு நேரம் ஆகும்? மணிக்கணக்கு வேண்டாம். கோமேசி உடையின் இடுப்புக் கச்சையை யார் உதவியும் இல்லாமல் உன்னால் எப்போது கட்ட முடிகிறது என்று சொன்னால் போதும்.

இன்னொன்று. இதைப் படித்துப் பயந்துபோய் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதே. அது கிடைக்கிற தைரியத்தில் உன் உடம்பு, தானே சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழுவாய். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

அக்காவுக்குப் பதில் எழுதப் பிடிக்கவில்லை என்றால் மருத்துவருக்கு எழுது.

பிபியானா

-

பூகாலா தீவு
20 பிப்ரவரி 1996

மதிப்புக்குரிய டாக்டர் பிபியானா நாலுமான்சி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் மீன் படகில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, நனைந்து, மீன் வாசத்தோடு வந்து சேர்ந்தது. மருத்துவருக்கு எழுதச் சொல்லியிருந்தீர்கள். எழுதுகிறேன்.

நான் நலம். இதை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் தாங்கள் கேள்வி கேட்டால் பதில் வாங்காமல் விடமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே.

மாத்திரைக்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று தாங்கள் பார்க்கவில்லை. பசியில்லை, சாயங்காலமானால் காய்ச்சல், கோமேசி தோளில் நிற்காமல் வழுகும். இந்தத் தீவில் வீட்டுக்கு வீடு ஆளை மெலிய வைத்துக் கொண்டுபோகிற அந்த நோய் வந்து போயிருக்கிறது. அதற்கு இங்கே மெலிவு என்றுதான் பெயர். மெலிந்த பெண்ணைப் பார்த்தால் யாரும் வேறொன்றும் நினைப்பதில்லை. பக்கத்து வீட்டு நால்வோகாவும் நானும் ஒரே கல்லில் துணி துவைத்தவர்கள். மாதா திருநாள் விருந்தில் பரிமாறப் போன என் கையிலிருந்து அவள் கரண்டியை வாங்கிக்கொண்டாள். "நீ உக்காரு தெக்லா. பாவம், உனக்கு முடியல. நாங்க பாத்துக்கிறோம்." எவ்வளவு அன்பாகச் சொன்னாள் தெரியுமா? நான் சாப்பிட்ட தட்டைத் தனியாக வைத்துக் கழுவினார்கள். என் வீட்டுக்காரர் லுபோவா அக்கரைப் படகுத்துறையில் ராத்தங்க ஆரம்பித்தார். அங்கே அவருக்கு ஒரு வீடு இருந்தது, வீட்டில் ஒருத்தியும் இருந்தாள்.

அப்போதுதான் மருந்துக்கடைக்காரர் சொன்னார்: "இதை மூணு நாள் போட்டுப் பாரும்மா. கேக்கலேன்னா வந்து என்னைத் திட்டு." திட்டப் போகவில்லை. மூன்றாம் நாள் என்னால் முஷ்டி மடக்க முடிந்தது. கொஞ்ச நாளில் கன்னம் வைத்தது. நால்வோகா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அடியே, அப்படி என்னத்தைத் தின்னுறே? எங்களுக்கும் சொல்லக் கூடாதா?" என்றாள். அடுத்த திருநாளுக்கு நான்தான் பரிமாறினேன். லுபோவா வீட்டில் இருக்கிறார்.

மெலிவு வந்தவர்களில் யாருக்கும் வட்ட முகம் கிடையாது. இந்த முகம் எனக்குச் சான்றிதழ், டாக்டர் அவர்களே. எந்த ஆஸ்பத்திரியும் தராத சான்றிதழ். இதையா குறைக்கச் சொல்கிறீர்கள்?

கச்சையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த வருஷம் முழுக்க, காலைப் பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் நேரத்தில்தான் என்னால் கச்சை கட்ட முடிந்தது. அதனால் பூசைக்குப் போகவில்லை. பக்தி போய்விட்டது என்றார்கள். இரண்டு கையும்தான், ஒன்றுபோல.

இப்படிக்கு,
தங்கள் நோயாளி அல்லாத
தெக்லா லுபோவா

-

கம்பாலா
3 மார்ச் 1996

தெக்லா,

உன் கிண்டல் பத்திரமாக வந்து சேர்ந்தது.

கடிதத்தின் முதல் பக்கத்தில் எழுத்துகள் பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன. பேனாவை விரல் நுனியில் பிடிக்காமல் உள்ளங்கையில் வைத்து எழுதியிருக்கிறாய். கடைசிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அதே கையெழுத்து. முதல் பக்கத்தைக் காலையில் எழுதினாய், கடைசிப் பக்கத்தை மதியத்துக்கு மேல். ஆக, மாத்திரை போட்டும் காலையில் விரல்கள் இறுகத்தான் செய்கின்றன. லுபோவாவை நீ ஏமாற்றலாம்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மூட்டுக்குள் இருக்கிற மெல்லிய உறையை உன் உடம்பே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. உறை வீங்குகிறது, வெப்பம் ஏறுகிறது, கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்து எலும்பை அரிக்கிறது. மெலிவதும் சாயங்காலக் காய்ச்சலும் அதிலேயே வரும். வயதாலோ, ஏரித் தண்ணீரில் நிற்பதாலோ, யாராவது எதையாவது புதைத்து வைத்ததாலோ வருவதில்லை. கடைக்காரர் கொடுத்த மாத்திரை தீயின்மேல் போர்வை போட்டிருக்கிறது. புகை தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்கு விலையாக உன் எலும்பைச் சோடையாக்கும், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். இதற்கு வேறு மருந்து இருக்கிறது. மெதுவாகத்தான் வேலை செய்யும்.

ஆனால் எனக்குத் தோன்றுவதை வைத்து நான் யாருக்கும் மருந்து தருவதில்லை. கடிதத்தில் மூட்டைத் தொட முடியாது. வீக்கம் எலும்பா, நீரா, வீங்கிய உறையா என்பது விரலுக்குத்தான் தெரியும். எக்ஸ்ரே வேண்டும், ரத்தம் பார்க்க வேண்டும். அந்த இன்னொரு ரத்தப் பரிசோதனையும் வேண்டும். எது என்று உனக்குத் தெரியும். அந்த நோயிலும் மூட்டு இப்படி வீங்குவது உண்டு. லுபோவாவுக்கு அக்கரையில் ஒரு வீடு இருக்கிறது என்று எழுதியவள் நீதான்.

வட்ட முகம் சான்றிதழ் அல்ல. வட்ட முகங்களுக்கு நான் இறப்புச் சான்றிதழ் எழுதியிருக்கிறேன்.

ஒரு கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. எப்போது தொடங்கியது? "ரொம்ப நாளா இருக்கு டாக்டர்" என்பார்கள் எல்லோரும். அது எனக்குப் போதாது. உன்னால் செய்ய முடியாமல் போன முதல் காரியம் எது? எந்த நாள்?

பிபியானா

-

பூகாலா தீவு
24 மார்ச் 1996

அக்கா,

எந்த நாள் என்று கேட்டாய். அன்றைக்கு நீ அங்கேதான் இருந்தாய்.

அப்பாவின் கடைசிச் சடங்கு. காயிவா அண்ணன் வாரிசாக மரவுரி கட்டி, ஈட்டி பிடித்து உட்கார்ந்திருந்தான். வாரிசுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டிய சகோதரியாக நம் வம்சத்துப் பெரியவர்கள் உன்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நீயும் மரவுரியில் இருந்தாய். படித்த முகத்தோடு, இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை என்கிற மாதிரி, ஆனால் நிமிர்ந்து. அந்த நிமிஷத்திலிருந்து அவன் நமக்கு அப்பா. கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய் உங்கள் முன்னால் மண்டியிட்டு, "வாங்க அப்பா" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சொன்னார்கள். என் முறை வந்தது.

படகுத்துறையிலிருந்து நடந்து வந்திருந்தேன். விடியும்போதே முழங்கால் இரண்டும் பானை மாதிரி வீங்கியிருந்தன. குனிந்தேன். எவ்வளவு முடியுமோ அவ்வளவு குனிந்தேன். முட்டி மடங்கவில்லை.

பெரியப்பா கேட்டார்: "என்னடி, முழங்காலை வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா?" சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு அத்தை, "அக்காளுக்குக் கிடைச்ச இடம் தனக்குக் கிடைக்கலையேன்னு வயித்தெரிச்சல். மண்டி போடுவாளா?" என்றாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். முகத்தை மட்டும் பார்த்தாய். சாயங்காலம் எல்லோரும் வாழைப்பழச் சாராயத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது என் பக்கத்தில் வந்து, சத்தமில்லாமல், "இனிமே நீ என்கிட்ட பேச வேண்டாம்" என்றாய். அக்கா சொன்னதை நான் தட்டியதில்லை.

அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். யாரிடம் சொல்ல? அப்போதே நான் மெலிய ஆரம்பித்திருந்தேன். "முட்டி வீங்கியிருக்கு, மடக்க முடியல" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருந்தால், சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தியிருப்பார்கள். பிறகு என்ன பேசியிருப்பார்கள் என்று உனக்குத் தெரியும். பொறாமைக்காரி என்ற பெயர் அதைவிட நல்லது. அந்த நிமிஷமே முடிவு பண்ணினேன். பொறாமைக்காரியாகவே வீடு வந்து சேர்ந்தேன்.

அதுதான் முதல் நாள். எழுதிக்கொள்.

தெக்லா

-

கம்பாலா
7 ஏப்ரல் 1996

தெக்லா,

உன் கடிதத்தை நோயாளியின் வரலாறாக எழுதிக்கொள்ள உட்கார்ந்தேன். "தொடக்கம்: ஆகஸ்ட் 1994. இரண்டு முழங்கால்களும்" என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

பதிலாக எதை எழுதினாலும் உனக்கு நல்லதாக இல்லாமல் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். அதனால் எழுதவில்லை.

மூட்டு நோயாளிகளைச் செவ்வாய்க்கிழமைகளில் பார்க்கிறேன். இந்தப் பிரிவுக்கு நான் ஒருத்திதான். காலையிலேயே வந்துவிடு. வரிசை நீளம்.

வா.

பிபியானா

-

பூகாலா தீவு
5 மே 1996

அக்கா,

வந்தேன்.

லுபோவாவிடம் துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். உன் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டியம்மாள், விரல்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்த கை. நான் பயந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போல. "அந்த டாக்டரம்மா மூஞ்சி கடுகடுன்னுதான் இருக்கும். அதைப் பாத்துப் பயப்படாதே. புருஷன் இல்ல, புள்ள இல்ல, யாரைப் பாத்துச் சிரிக்கும்? கையப் புடிக்கும் பாரு, அப்பத் தெரியும்" என்றாள்.

கதவு திறந்திருந்தது. ஒரு கிழவர் உன் எதிரில் இருந்தார். மாடு மேய்க்கிறவர் போல, தொப்பி வைத்திருந்தார். அவருடைய கையை உன் இரண்டு கையிலும் வாங்கி, கட்டைவிரல்களால் ஒவ்வொரு மூட்டாக அழுத்தினாய். உன் கண் அவர் கையில் இல்லை. அவர் முகத்தில் இருந்தது. வலி எங்கே வருகிறது என்று அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே முகத்தில் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவசரமே இல்லை உனக்கு. அவர் முகம் சுருங்கியதும் விரலை எடுத்துவிட்டு, காத்திருந்தாய்.

அக்கா, நாம் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். என் முகத்தை நீ அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. அடுத்தது என் பெயர். உள்ளே வந்தால் என்னையும் அப்படித்தான் பார்ப்பாய் என்று தெரிந்தது. எனக்குத் தாங்காது என்று தோன்றியது. எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் சும்மா வரவில்லை. அந்த ரத்தத்தை வேறொரு இடத்தில் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, 14ஆம் தேதி, முடிவைக் கேட்க நேரில் வரச் சொன்னார்கள். எழுதிக்கொண்ட பெண் நல்ல மாதிரி. "முடிவு கேக்க வரும்போது கூட யாராச்சும் வருவாங்களாம்மா?" என்று கேட்டாள். "எனக்கு யாரும் இல்லை" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

போவேனா என்று தெரியவில்லை. போகாவிட்டால் என்ன? முகம் இன்னும் வட்டமாகத்தான் இருக்கிறது.

தெக்லா

-

கம்பாலா
9 மே 1996

தெக்லா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. கசேனி போகிற ஓட்டுநர் வாசலில் நிற்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அன்றைக்கு நர்ஸ் சொன்னாள்: "பச்சைக் கோமேசி கட்டின அம்மா, பேரைக் கூப்பிட்டதும் எந்திரிச்சுப் போயிட்டாங்க டாக்டர்." என்ன பெயர் என்று பார்த்தேன். வாசல் வரைக்கும் ஓடினேன். எனக்கு ஓடிப் பழக்கமில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ போயிருந்தாய்.

14ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு என் பிரிவு இல்லை என்று எழுதி ஒட்டச் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. காலைப் படகு வரும்போது கசேனி துறையில் நிற்பேன். நீ வராவிட்டால் அடுத்த படகு வரும் வரைக்கும் நிற்பேன்.

நல்ல முடிவாக வரும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாததைச் சொல்வதில்லை. அது மாதிரி அறையில் எத்தனையோ பேருக்கு நான் முடிவைச் சொல்லியிருக்கிறேன், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து. அந்தப் பக்கத்து நாற்காலியில் இதுவரை உட்கார்ந்ததில்லை.

பிபியானா

-

கம்பாலா
2 ஜூன் 1996

தெக்லா,

இரண்டு வாரம் என்னோடு தங்கிவிட்டு நீ படகு ஏறிய பிறகு, துறையில் வறுத்த மீன் விற்கிறவளிடம் ஒரு மீன் வாங்கி, நின்றுகொண்டே சாப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். முடிவைப் படித்த பெண் உன்னிடம் "இல்லம்மா, உங்களுக்கு அது இல்ல" என்று சொன்னதிலிருந்து எனக்குப் பசி எடுத்துக்கொண்டே இருந்தது.

உன் எக்ஸ்ரேயை நிதானமாகப் பார்த்தேன். நடுவிரல், ஆட்காட்டி விரல் மூட்டுகளின் ஓரத்தில் எலி கடித்தது மாதிரி சிறு அரிப்புகள். என் சாப்பாட்டு மேசையில் வைத்து உன் கையை அழுத்தியபோது, "இங்கேயா?" என்று நான் கேட்க, "அய்யோ! அங்கேதான், வேற எங்கே? கிழவருக்கு மட்டும் மெதுவா அழுத்தினே" என்று கத்தினாயே, அதே இடம். ரத்தமும் அதையே சொல்கிறது. இனி இது என் யூகம் அல்ல.

சொன்னதையே மறுபடி எழுதுகிறேன், நீ அரைக் காதில் கேட்டாய். கடை மாத்திரையை நான் குறித்துக் கொடுத்தபடி படிப்படியாகக் குறை, அவசரப்படாதே. புது மாத்திரை ஞாயிற்றுக்கிழமை மட்டும், பூசை முடிந்ததும். "வாரத்துக்கு ஒரு நாள்தான் வேலை செய்யுமா? நம்ம பாதிரியார் மாதிரி" என்று சிரித்தாய். சிரி, ஆனால் நல்ல மருந்துதானே என்று தினமும் போட்டுவிடாதே. தினமும் போட்டால் ரத்தம் வற்றி உயிர் போகும். வாழைப்பழச் சாராயம் கூடாது. மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து அனுப்பு. முதல் இரண்டு மாதம் ஒன்றும் கேட்காது. வலி திரும்ப வரும். அப்போது நான் பொய் சொல்லிவிட்டேன் என்று நினைப்பாய்.

உன் முகம் இறங்கும். அதை நான் மறைக்கவில்லை. உன் கையில்தான் பரிசோதனைக் காகிதம் இருக்கிறதே, லுபோவாவிடமும் அந்த நால்வோகாவிடமும் சொல்லிவிடு.

வீட்டில் உன் செருப்புச் சத்தம் இல்லாதது இரண்டு நாளாகத் தெரிகிறது. போய்விடும்.

பிபியானா

-

பூகாலா தீவு
15 செப்டம்பர் 1996

அக்கா,

முதலில் மருத்துவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உன் பாதிரியார் மாத்திரை வேலை செய்கிறது. கச்சையை எழுந்தவுடன் கட்டுகிறேன். கிணற்றிலிருந்து குடம் தூக்குகிறேன். போன வாரம் முட்டி போட்டுத் தரையைத் துடைத்தேன். துடைக்க வேண்டிய அளவுக்கு அழுக்கில்லை, முடிகிறதா என்று பார்ப்பதற்காகத்தான்.

இனி எழுதுவது அக்காவுக்கு. முகம் இறங்கிவிட்டது. நீ சொன்னபடியே நடந்தது, அதைவிட வேகமாக. கன்னத்து எலும்பு தெரிகிறது. நீ சொன்னபடி லுபோவாவிடம் முடிவைக் காட்டினேன். படித்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னார்: "காகிதம்தானே தெக்லா. இந்தத் தீவுல செத்தவங்க எல்லார்கிட்டயும் ஒரு காகிதம் இருந்துச்சு. ஒருத்தனுக்கு மலேரியா, ஒருத்தனுக்கு டைபாய்டு. உங்க அக்கா டாக்டரு. அவ எழுதிக் குடுக்கமாட்டாளா?" சண்டை போடவில்லை. ரேடியோவை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனார். ரேடியோ போனால் ஆள் திரும்ப வரமாட்டார் என்று அர்த்தம்.

நால்வோகா வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பதில்லை. துவைக்கிற கல்லில் எனக்கு முன்னால் துவைத்துவிட்டுப் போய்விடுகிறாள். இந்தத் திருநாளுக்கு என்னை யாரும் தடுக்கவில்லை, ஏனென்றால் நான் போகவில்லை. மாத்திரை போட்டு உடம்பு கெட்டிருந்தபோது ஊரே என்னோடு இருந்தது, அக்கா. குணமாகக் குணமாக ஒவ்வொருவராகப் போகிறார்கள். இதை உன் புத்தகத்தில் போட்டிருக்கிறார்களா?

மருந்துக்கடைக்காரர் வழியில் பார்த்து, "என்னம்மா இப்படி ஆயிட்டீங்க? பழைய மாத்திரை தரட்டுமா? ஒரே வாரம், பழைய தெக்லா ஆயிடலாம்" என்றார். வாங்கினேன். பால்பவுடர் டப்பாவில் இருக்கிறது. இன்னும் போடவில்லை. போடமாட்டேன் என்று உனக்குச் சத்தியம் பண்ணவும் இல்லை.

நேற்று காலையில் வாழைக்காய் உரிக்க உட்கார்ந்தேன். கத்தி கையில் நிற்கிறது, விரல் பேச்சைக் கேட்கிறது. அந்தச் சந்தோஷத்தில் உரித்துக்கொண்டே போனேன். நிமிர்ந்து பார்த்தால் முன்னால் ஒரு குவியல். பிள்ளையில்லாத வீடானாலும் இத்தனை வருஷமும் லுபோவாவின் படகுக்காரர்கள் எல்லோரும் என் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். இப்போது அவர்களும் அக்கரையில் சாப்பிடுகிறார்கள். உரித்த காய் கறுத்துக்கொண்டே வந்தது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு உரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. இத்தனை வயதுவரை அதைத் தெரிந்துகொள்ள அவசியம் வந்ததில்லை.

தெக்லா

-

கம்பாலா
30 செப்டம்பர் 1996

தெக்லா,

அந்த டப்பாவைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். தலையாட்டிவிட்டுப் போய், அடுத்த முறை வட்ட முகத்தோடு வந்து உட்காருவார்கள். "சொன்னதைக் கேட்பதில்லை" என்று அவர்கள் சீட்டில் எழுதுவேன். அவர்கள் திரும்பிப் போகிற வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் எழுந்து போவார்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கொடுக்க என்னிடம் மருந்து இல்லை.

ஒரு ஆளுக்கு ஐந்து காய். பெரிய காயாக இருந்தால் நான்கு. இருபது வருஷத்துக்கு மேலாக அதைத்தான் உரிக்கிறேன். தாராக வாங்காதே, பாதி பழுத்துப்போகும். சீப்பாகப் பிரித்துக் கேட்டால் சந்தையில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "வீட்டுல யாரும் இல்லையாம்மா?" என்பாள் என் கடைக்காரி. முதல் தடவை பதில் சொல்லத் தோன்றும். சொல்லாதே, அவளுக்குப் பதில் தேவையில்லை. சின்னப் பானையாக ஒன்று வாங்கிக்கொள். பெரிய பானையின் அடியில் கொஞ்சமாக வெந்துகிடப்பதைப் பார்ப்பது, தனியாகச் சாப்பிடுவதைவிட மோசம். மிச்சம் வைக்காதே.

இவ்வளவு எழுதிய பிறகு, இதை உனக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை என்று தோன்றுகிறது.

விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்களா? ஒரு மாசமா? என்னம்மா, கல்யாணமா?" என்றார். தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்றேன். "உங்களுக்குத் தங்கச்சி இருக்கா?" என்று கேட்டார். அவரோடு பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன்.

12ஆம் தேதி சனிக்கிழமைப் படகில் வருகிறேன். மத்தியானம், ஊர் ஏரிக்குப் போய்வருகிற நேரத்தில், உன் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து உன் பானையிலிருந்து நானே எடுத்துச் சாப்பிடுவேன். நால்வோகா பார்க்கட்டும். டாக்டரே சாப்பிடுகிறாள் என்று அவள் மனம் மாறிவிடும் என்றெல்லாம் நான் நம்பவில்லை. பசிக்கும், அதனால் சாப்பிடுவேன்.

இரண்டு பேருக்கு எவ்வளவு உரிப்பது என்று எனக்குத் தெரியாது. நீயே ஒரு குத்துமதிப்பாக உரித்து வை.

பிபியானா